தமிழ்நாட்டு ஊடுபாலினரும் கோவிட்-19 பெருந்தொற்றும்

குரோமோசோம், இயக்குநீர், பிறப்புறுப்பு ஆகியவற்றில் ஆண், பெண் என்னும் வழக்கமான வரையறைக்குள் அடங்காத உடற்கூறுகளுடன் பிறப்போர் ஊடுபாலினர் (இடையிலிங்கத்தவர்) எனப்படுகின்றனர். திருநர் என்பது பாலின அடையாளத்தையும், ஊடுபால் என்பது பிறவி உடலமைப்பையும் குறிக்கும்.

2019 ஏப்ரல் 22 அன்று சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அளித்த தீர்ப்பையொட்டி, ஊடுபால் குழந்தைகளுக்குப் பால் மாற்று அறுவை செய்வதை அதே ஆண்டு ஆகஸ்டில் தமிழ்நாடு அரசு தடைசெய்தது. உயிருக்கு ஆபத்தான நிலைக்கு மட்டும் விலக்கு உண்டு. இந்தியாவில் இத்தடையை முதலில் விதித்த மாநிலம் தமிழ்நாடாகும்.

ஏழு மாதங்களில், 2020 மார்ச் 25 அன்று, நாடு தழுவிய ஊரடங்கு தொடங்கியது. ஊடுபாலினர் சிலருக்கு வாழ்நாள் முழுதும் மருந்து தேவை. பிறவி அண்ணீரகச் சுரப்பி மிகைப்பெருக்கத்தின் கடும் வகை உள்ளோர் ஹைட்ரோகார்ட்டிசோன் மருந்தை நாள்தோறும் உட்கொள்ள வேண்டும். காய்ச்சல் கண்டால் அளவைக் கூட்ட வேண்டும். தவறினால் உயிருக்கே ஆபத்து. அகச்சுரப்பியல் வல்லுநர்கள் பெரும்பாலும் பெருநகரங்களிலேயே உள்ளனர். பீங்கான் தொழில் நகரமான விருத்தாசலம் போன்ற ஊர்களிலிருந்து வெளிமாவட்டம் செல்ல 2020 ஆகஸ்ட் இறுதிவரை இ-பாஸ் தேவைப்பட்டது. மாவட்டங்களுக்கிடையே பேருந்துகள் செப்டம்பர் 7 அன்றுதான் மீண்டும் ஓடின.

நடுவண் அரசின் 1,500 ரூபாய் உதவி திருநர் என்னும் பெயரிலேயே வழங்கப்பட்டது. 2019 ஆம் ஆண்டுச் சட்டத்தின் வரையறை ஊடுபாலினரையும் உள்ளடக்கியது. ஆயினும், தம்மைத் திருநராகக் கருதாத, உடல்நிலையை வெளியே சொல்லாத ஒருவர் அப்பெயரில் உதவி கேட்பது எளிதன்று. அறுவையிலிருந்து குழந்தைகளைக் காத்த அரசாணை, மருந்து தடையின்றிக் கிடைப்பதற்கு வழிசெய்யவில்லை என்பதைப் பெருந்தொற்றுக் காலம் காட்டியது.