சிவப்புக் கிட்டாரும் இத்தாலிய எதிரொலியும்: ஷாடோஸ் ஒலி உருவான விதம் (1958–1964)

1960 ஜூலையில் வெளிவந்த 'அப்பாச்சி' இசைத்தட்டு பிரிட்டனின் விற்பனைப் பட்டியலில் ஐந்து வாரம் முதலிடத்தில் இருந்தது. அதில் பாட்டே கிடையாது. ஜெர்ரி லார்டன் அமைத்த மெட்டை ஹாங்க் மார்வின் மின்கிட்டாரில் வாசிக்க, ஷாடோஸ் குழுவின் மற்ற மூவர் துணை நின்றார்கள். அதுவரை பாடகர் கிளிஃப் ரிச்சர்டின் பக்கவாத்தியக்காரர்களாகவே அறியப்பட்ட இவர்கள், முதலிடத்திலிருந்து இறக்கியதும் அந்தக் கிளிஃபின் பாட்டைத்தான். இதே மெட்டை இவர்களுக்கு முன்பே பெர்ட் வீடன் என்ற அனுபவசாலி பதிவு செய்திருந்தார். நாடும் காலமும் மெட்டும் ஒன்றாக இருந்தும் காலத்தைத் தாண்டி நின்றது ஷாடோஸ் வாசித்ததுதான். வாசித்த கைக்கு அதில் பெரும் பங்குண்டு. ஆனால் அந்தக் கை எந்தக் கருவிகளோடு பழகியது என்பதையும் பார்க்க வேண்டும். பெருமை முழுவதையும் மார்வினின் சிவப்புக் கிட்டாருக்கே கொடுப்பது வழக்கம். அது பாதிக் கணக்குதான் என்பது என் எண்ணம்.

கிட்டாரிலிருந்தே தொடங்குவோம். கலிஃபோர்னியாவின் ஃபுல்லர்டனில் லியோ ஃபெண்டர் 1954இல் ஸ்ட்ராட்டோகாஸ்டரை வெளியிட்டார். பிரிட்டனில் அதை யாரும் எளிதில் தொட முடியவில்லை. டாலர் தட்டுப்பாட்டால் 1951 முதல் அமெரிக்க இசைக்கருவிகளின் இறக்குமதிக்குத் தடை இருந்தது. 1959இல்தான் அது தளர்ந்தது. மார்வினிடம் இருந்தது அன்டோரியா என்ற ஜப்பானியக் கிட்டார். அதன் கழுத்து வளைந்து போயிருந்தது. 1959இல் கிளிஃப் தன் செலவில் அமெரிக்காவிலிருந்து ஒரு ஃபெண்டரை வரவழைத்துக் கொடுத்தார்.

எந்த ஃபெண்டர் என்பதில் ஒரு தவறான ஊகம் புகுந்தது. அமெரிக்கப் பாடகர் ரிக்கி நெல்சனின் இசைத்தட்டுகளில் ஜேம்ஸ் பர்ட்டன் வாசித்த கிட்டார் ஒலியைத்தான் இவர்கள் தேடினார்கள். பர்ட்டனிடம் இருந்ததோ டெலிகாஸ்டர். இவர்கள் பட்டி ஹாலி கையில் கண்ட ஸ்ட்ராட்டோகாஸ்டரே உயர்ந்த ரகம், பர்ட்டனும் அதைத்தான் வாசிப்பார் என்று எண்ணி அதையே தருவித்தார்கள். இந்தப் பிழை நடக்காமல் இருந்திருந்தால் மார்வினுக்கு அதிர்வுத்தண்டு கிடைத்திருக்காது. டெலிகாஸ்டரில் அது இல்லை. அப்போது பிரிட்டனில் கிடைத்த தந்திகள் தடித்தவை. மூன்றாம் தந்தியும் கம்பி சுற்றியதாகவே இருந்ததால், விரலால் இழுத்துச் சுருதியை உயர்த்துவது கடினம். விரலால் முடியாத நெகிழ்வைத் தண்டு செய்தது. சொற்றொடரின் கடைசிச் சுரத்தில் கேட்கும் அந்த மெல்லிய நடுக்கம் இப்படி வந்ததுதான்.

ஆம்ப்ளிஃபையர் உள்ளூர்ச் சரக்கு. கென்ட் மாவட்டத்து டார்ட்ஃபோர்டில் டாம் ஜென்னிங்ஸ் நடத்திய நிறுவனத்துக்காக டிக் டென்னி வடிவமைத்த 15 வாட் வாக்ஸ் ஏசி-15, 1958இல் சந்தைக்கு வந்தது. ரசிகர்களின் கூச்சலை அதனால் வெல்ல முடியவில்லை. அதனால் 1959 இறுதியில் ஏசி-30 பிறந்தது: நான்கு ஈஎல்-84 வால்வுகள், 12 அங்குல செலஸ்டியன் ஸ்பீக்கர்கள் இரண்டு. வெளியீட்டின் ஒரு பகுதியைத் திருப்பி அனுப்பி ஒலியைக் கட்டுப்படுத்தும் எதிர்ப் பின்னூட்டம் இந்தச் சுற்றில் இல்லை. அதனால் மேல்சுரங்கள் பளிச்சென்று கேட்டன. ஓங்கி மீட்டினால் ஓரம் மெல்லக் கரகரத்தது. முன்கட்டத்தில் இருந்த ஈஎஃப்-86 வால்வு ஒலியைப் பெருக்குவதில் கெட்டிக்காரி, ஆனால் தொட்டாற்சிணுங்கி. ஸ்பீக்கர் இருக்கும் அதே பெட்டியில் அமர்ந்து அதன் அதிர்வையும் வாங்கிச் சத்தமிட்டது. பிறகு வந்த ஏசி-30 வகைகளில் அதை எடுத்துவிட்டார்கள்.

இனி எதிரொலிப் பெட்டி. மிலான் நகரத்து மெயாஸி நிறுவனத்தின் எக்கோமாட்டிக் ஒன்று பாடகர் ஜோ பிரௌனிடம் இருந்தது. தனக்கு ஒத்துவராததால் அவர் அதை மார்வினிடம் கொடுத்தார். சுழலும் காந்தநாடாவில் ஒலியைப் பதித்து, அடுத்தடுத்து நிற்கும் வாசிப்புமுனைகளால் சிறிது தாமதித்துத் திரும்பக் கேட்கவைக்கும் கருவி அது. இந்த யுக்தி மார்வினுக்கு முன்பே உண்டு. ரே பட்ஸ் செய்த எக்கோசானிக் ஆம்ப்ளிஃபையரில் ஒரு நாடாவே அடங்கியிருந்தது. அமெரிக்கக் கிட்டார்க்காரர்களான செட் அட்கின்ஸும் ஸ்காட்டி மூரும் அதை வைத்துத்தான் வாசித்தார்கள். ஆனால் அவர்களுக்குக் கிடைத்தது பெரும்பாலும் ஒற்றை மறுமொழி. மெயாஸியில் பல முனைகள் பல இடைவெளிகளில் நின்றதால், ஒரு மீட்டலுக்குப் பல பதில்கள் வந்தன. அவை தமக்குள் ஒரு தாளம் போட்டன.

இதன் விளைவை வெறும் ஒலிநயம் என்று நான் எடுத்துக்கொள்ளவில்லை. வாசிக்கும் முறையையே அது மாற்றியது. வேகமாக அடுக்கினால் சுரங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் குழம்பிவிடும். ஆகவே சுரத்தைத் தனித்தனியாக வைத்து, நடுவே இடம் விட்டு, அந்த இடத்தைப் பெட்டி நிரப்பும்படி மார்வின் வாசித்தார். தாழ்ந்த தந்திகளை உள்ளங்கையால் அமுக்கி மீட்டும்போது மறுமொழிகள் முரசின் உதிர்வுபோல் விழும். அதே ஆண்டுகளில் அமெரிக்காவின் கடலலை இசைக்காரர்கள் வேறு வழியில் போனார்கள். 1961இல் ஃபெண்டர் விற்ற சுருள்வில் முழக்கப் பெட்டி ஒலியை ஈரமாக்கிப் பரப்பியது; எண்ணி எடுக்கக்கூடிய மறுமொழிகள் அதில் இல்லை. இரு நாட்டு வாத்திய இசையின் நடை பிரிந்ததற்கு இந்தப் பெட்டிகளும் ஒரு காரணம்.

'அப்பாச்சி' 1960 ஜூன் 17 அன்று லண்டனில், பின்னாளில் அபி ரோடு என்று பெயர்பெற்ற இஎம்ஐ ஒலிப்பதிவுக்கூடத்தில் பதிவானது. நாரி பாராமர் தயாரிப்பாளர், மால்கம் ஆடி ஒலிப்பொறியாளர். குழுவின் மற்றொரு கிட்டார்க்காரர் புரூஸ் வெல்ச் வாசித்தது மின்கிட்டார் அல்ல, மரக்கிட்டார். அதன் வறண்ட தாளத்தின் மேல்தான் மார்வினின் மறுமொழிகள் தெளிவாகத் தெரிகின்றன. தொடக்கத்திலும் முடிவிலும் சீன முரசைத் தட்டியவர் கிளிஃப். கூடத்துக்கென்று தனி எதிரொலி அறைகள் இருந்தன. ஆனால் மார்வின் தன் எதிரொலியைத் தானே கொண்டுவந்தார். பொறியாளரின் கையிலிருந்த ஒரு முடிவு இப்படி வாத்தியக்காரரின் கைக்கு மாறியது. அந்தத் தலைமுறைக்கு இது சிறிய மாற்றம் அல்ல. 1962இல் எட்டு வாரம் முதலிடத்தில் நின்ற 'வொண்டர்ஃபுல் லேண்ட்' பதிவில் பாராமர் வயலின்களும் கொம்புகளும் சேர்த்தார். எனக்கு அது தேவைக்கு மேல் சர்க்கரை.

கிட்டாருக்குப் பாதிப் பெருமை போதும் என்று நான் சொல்வதற்கு 1964 ஒரு சான்று. அந்த ஆண்டில் மார்வின் ஃபெண்டரை விட்டு, ஜிம் பர்ன்ஸ் அவருக்காக உருவாக்கிய பிரிட்டிஷ் கிட்டாருக்கு மாறினார். பிக்கப்பும் தண்டும் மரமும் வேறு. ஆனாலும் இரண்டு சுரம் கேட்டால் போதும், வாசிப்பவர் யாரென்று தெரிந்துவிடும். இந்த ஒலியைத் துரத்தும் பொழுதுபோக்கு வாத்தியக்காரர்களுக்கும் இது தெரிந்தேயிருக்கிறது. பழைய எதிரொலிப் பெட்டிகளின் முனை இடைவெளிகளைக் கணக்கிட்டு, ஒவ்வொரு மெட்டுக்கும் ஒரு தாமத அட்டவணை போட்டு டிஜிட்டல் கருவிகளில் ஏற்றுகிறார்கள். பிற்காலத்தில் மார்வினும் மேடையில் நாடாவை விட்டு டிஜிட்டலுக்கு மாறிக்கொண்டார்.