சிற்றச்சுத் தாள்களும் அன்றாட மொழியின் காலக்குறிகளும்

0. முன்னுரை

அச்சகத்தார் தம் பணியை நூல் வேலை, ஜாப் வேலை என இரண்டாகப் பகுப்பர். துண்டறிக்கை, ரசீது, பயணச்சீட்டு, திருமண அழைப்பிதழ், தீப்பெட்டிச் சீட்டு, நாடக நோட்டீஸ், விலைப்பட்டி, மருந்துப் புட்டியின் மேலொட்டு ஆகியன ஜாப் வேலையைச் சாரும். இவை ஒரு நாளின் அல்லது ஒரு நிகழ்ச்சியின் தேவைக்காக அச்சிடப்பட்டு, அத்தேவை முடிந்ததும் எறியப்படுவன. இக்கட்டுரையில் இவ்வகைத் தாள்கள் 'சிற்றச்சுத் தாள்கள்' என்று குறிக்கப்படுகின்றன.

இவற்றைத் தேடித் திரட்டுவோர் பெரும்பாலும் படத்தின் அழகையும் தாளின் அருமையையுமே கருதுவர். ஆயின் சிற்றச்சுத் தாள்களில் பெரும்பாலானவற்றில் அச்சிட்ட ஆண்டு இராது. தாள் எக்காலத்தது என்பதைக் காட்டும் சான்று பல நேரங்களில் அதன் மொழியிலும் எழுத்திலுமே உள்ளது. அச்சான்றைப் பிழையாகப் படித்தால் அத்தாள் காட்டும் வாழ்க்கையும் பிழையாகவே விளங்கும். இந்திய மொழிகள் சிலவற்றின் தாள்களைக் கொண்டு இக்கருத்தை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

1. சட்டமும் சேமிப்பும்

1867-ஆம் ஆண்டின் அச்சகங்கள், நூல்கள் பதிவுச் சட்டம், இந்தியாவில் அச்சாகும் நூலும் தாளும் அச்சிட்டவர் பெயரையும் அச்சிட்ட இடத்தையும் தாங்கியிருக்க வேண்டும் என விதித்தது. ஆண்டைக் குறிக்குமாறு அது கூறவில்லை. நூல்கள் அரசுக்கு அளிக்கப்பட்டுப் பதிவுபெற்றன. சிற்றச்சுத் தாள்களுக்கு அவ்வாய்ப்பு இல்லை. விடுதலைக்குப்பின் வந்த 1954-ஆம் ஆண்டின் நூல்கள் வழங்கல் சட்டமும் நூல், சிற்றேடு, நிலப்படம், இசைத்தாள் போன்றவற்றையே பொது நூலகங்களுக்கு அனுப்பப் பணித்தது. 1956-இல் செய்தித்தாள்களும் அதில் சேர்க்கப்பட்டன. துண்டறிக்கையும் சீட்டும் அதன் எல்லைக்கு வெளியே நின்றன.

எனவே இவை எஞ்சியது தனியார் ஆர்வத்தாலேயே ஆகும். செட்டிநாட்டுக் கோட்டையூரில் பெயர்ப்பலகை எழுதும் ஓவியராக வாழ்ந்த ரோஜா முத்தையா நூல்களோடும் இதழ்களோடும் நாடக நோட்டீசுகளையும் அழைப்பிதழ்களையும் திரட்டினார். அவர் 1992-இல் மறைந்தபின், சிகாகோ பல்கலைக்கழகத்தின் முயற்சியால் அத்தொகுப்பு 1994-இல் சென்னையில் ஆய்வு நூலகமாயிற்று.

1867-ஆம் ஆண்டுச் சட்டம் நீக்கப்பட்டு, 2023-ஆம் ஆண்டின் பருவ இதழ்கள் பதிவுச் சட்டம் 2024 மார்ச்சு 1 முதல் நடைமுறைக்கு வந்தது. புதிய சட்டம் பருவ இதழ்களை மட்டுமே பற்றியது. ஆகவே, அச்சகப் பெயர் வரியைத் துண்டறிக்கைகள் தாங்கவேண்டும் என்னும் பழைய பொதுவிதி இன்று இல்லை. தேர்தல் துண்டறிக்கைகளுக்கும் சுவரொட்டிகளுக்கும் மட்டும் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 127அ பிரிவால் அக்கட்டாயம் தொடர்கிறது. இடத்தைக் காட்டிவந்த சட்டச் சான்று குறையுமிடத்து மொழிச் சான்றின் தேவை மிகுகிறது.

2. நாணயமும் முகவரியும்

காலத்தை மிகத் தெளிவாகக் காட்டுவன விலைச் சொற்களாகும். 1957 ஏப்ரல் 1-இல் பதின்ம நாணயமுறை நடைமுறைக்கு வந்தது. ரூபாய்க்கு 16 அணா என்பது 100 நயா பைசா ஆயிற்று. 1964 சூன் 1-இல் 'நயா' என்னும் அடை நீக்கப்பட்டது. ஆகவே நயா பைசாவில் விலை குறித்த தாள் ஏறத்தாழ ஏழாண்டுக் காலத்திற்கு உரியது. இந்தியில் இச்சொல் ஒருமையில் 'நயா பைசா' எனவும் பன்மையில் 'நயே பைசே' எனவும் வேறுபடும். தமிழ் அதன் ஒருமை வடிவை மட்டும் கடன்பெற்று, எண் வேறுபாடின்றி ஆண்டது.

எனினும் அச்சும் பேச்சும் ஒருங்கே மாறவில்லை. நாலணா, எட்டணா என்னும் சொற்கள் 25 பைசாவையும் 50 பைசாவையும் குறிக்கப் பல பத்தாண்டுகள் பேச்சில் வழங்கின. 25 பைசா நாணயம் 2011 சூன் 30-ஆம் நாளுடன் செல்லாததாகும்வரை 'நாலணா'வுக்குக் கையில் ஒரு பொருள் இருந்தது. ஒரு கதைமாந்தர் 'நாலணா' என்று பேசுவதைக் கொண்டு கதையின் காலம் 1957-க்கு முந்தையது என மொழிபெயர்ப்பாளர் முடிவு செய்தல் ஆகாது. கடைக்காரரின் அச்சிட்ட விலைப்பட்டியில் 'அணா' என்றிருப்பின் அம்முடிவுக்கு வலுவுண்டு.

முகவரியும் இவ்வாறே. அஞ்சல் குறியீட்டெண் 1972 ஆகஸ்டு 15-இல் தொடங்கியது. ஆறிலக்க எண் கொண்ட தாள் அதற்கு முந்தையதாக இராது. 'சென்னை-4' என மண்டல எண் மட்டும் உள்ள தாள் அதற்குப் பிந்தையதாகவும் இருக்கலாம். ஏனெனில் பழைய சுருக்க வழக்கம் பின்னும் நீடித்தது. ஊர்ப்பெயரைச் சான்றாகக் கொள்வதில் மொழிவேறுபாடு நோக்கத்தக்கது. ஆங்கில வரியில் 'சென்னை' என்றிருத்தல் 1996-ஐ ஒட்டிய மாற்றத்தைச் சுட்டும். தமிழ் வரியில் 'சென்னை' எந்த ஆண்டையும் சுட்டாது. வங்காளத் தாள்களில் 'கலிகாதா' என்னும் வடிவம் பழைய செந்நடைக்கு உரியது. அது 2001-இன் பெயர்மாற்றத்தோடு தொடர்புடையதன்று.

தொடர்வண்டிப் பயணச்சீட்டில் 'மூன்றாம் வகுப்பு' என்னும் தொடர் 1974-இல் அவ்வகுப்பு நீக்கப்படுவதற்கு முற்பட்ட காலத்தைக் காட்டும். அது காலக்குறி மட்டுமன்று. பெருந்திரளான மக்கள் தம் பயணத்தை எப்பெயரால் அறிந்திருந்தனர் என்பதற்கும் சான்றாகும்.

3. எழுத்து வடிவமும் எழுத்துக்கூட்டலும்

தமிழில் ணா, றா, னா முதலியவற்றின் ஒட்டு வடிவங்களும், ணை, லை, ளை, னை ஆகியவற்றின் பழைய ஐகார வடிவங்களும் 1978-ஆம் ஆண்டு அரசாணையால் மாற்றப்பட்டன. அதைக்கொண்டு தாளின் காலத்தைக் கணிப்பதில் இரண்டு தடைகள் உள்ளன. ஒன்று, பெரியார் 1935 முதலே தம் இதழில் சீர்திருத்த எழுத்தை ஆண்டதால், அவ்வியக்கம் சார்ந்த அச்சில் புதிய வடிவம் 1978-க்கு முன்பே காணப்படும். மற்றொன்று, சிற்றூர் அச்சகங்கள் தம்மிடமிருந்த ஈய எழுத்துகளை ஆணை வந்தவுடன் மாற்றிவிடவில்லை. அவ்வெழுத்துகள் தேயும்வரை பழைய வடிவமே அச்சில் வந்தது. எனவே எழுத்து வடிவம் ஆண்டைக் காட்டுவதைவிட அச்சகத்தின் சார்பையும் பொருள்வளத்தையும் காட்டுகிறது எனலாம்.

மலையாளத்தில் 1971-இல் கூட்டெழுத்துகளும் உகரக் குறிகளும் பிரித்தெழுதப்பட்டன. வங்காளத்தில் கல்கத்தா பல்கலைக்கழகத்தின் 1936-ஆம் ஆண்டு விதிகள், ரகரத்தை அடுத்துவரும் மெய் இரட்டித்தலை நீக்கின. 'கர்ம்ம' என்றெழுதியது 'கர்ம' ஆயிற்று. மராத்தியில் 1962-ஆம் ஆண்டு விதிகள், ஒலிக்கப்படாத அனுஸ்வாரப் புள்ளிகளை நீக்கின.

இம்மாற்றங்கள் இருவகைப்பட்டன. வங்காளமும் மராத்தியும் எழுத்துக்கூட்டலை மாற்றின. தமிழும் மலையாளமும் எழுத்தின் வடிவத்தை மாற்றின. இவ்வேறுபாடு இன்று பெரிதும் முதன்மை பெறுகிறது. ஒருங்குறியில் பழைய 'ணை'க்கும் புதிய 'ணை'க்கும் குறியீடு ஒன்றே. வேறுபாடு எழுத்துருவில் மட்டும் உண்டு. ஆதலின் ஒரு வங்காளத் துண்டறிக்கையைத் தட்டெழுதிக் கணினியில் ஏற்றினால் அதன் பழைய எழுத்துக்கூட்டல் நிலைக்கும். ஒரு தமிழ்த் துண்டறிக்கையை அவ்வாறு ஏற்றினால் அதன் பழைய வடிவம் தடயமின்றி மறையும். படம் இன்றிப் பாடம் மட்டும் காக்கப்படும் தொகுப்பு, தமிழைப் பொறுத்தவரை ஒரு சான்றை இழந்த தொகுப்பாகும்.

4. ஆண்டுக் கணக்கு

ஆண்டு குறிக்கப்பட்ட தாளிலும் ஐயம் எழும். 'விரோதி வருடம்' என்று மட்டும் குறித்த அழைப்பிதழ் 1889-90, 1949-50, 2009-10 என்னும் மூன்று காலங்களுள் எதற்கும் உரியதாகலாம். அறுபதாண்டுச் சுழற்சிப் பெயர் தன்னளவில் காலத்தை முடிவு செய்யாது. குஜராத்தி அழைப்பிதழில் உள்ள 'சம்வத் 2007' என்பதைப் பொது ஆண்டு 2007 எனக் கொள்வது எளிதில் நேரும் பிழை. அது 1950-51 ஆகும். வங்காள ஆண்டு 1357-உம் 1950-51-ஐயே குறிக்கும். ஒரே காலத்தில் நடைபெற்ற இரண்டு திருமணங்களின் தாள்களில் 2007, 1357 என ஆண்டுகள் அமைவது நூலகப் பட்டியல் தயாரிப்போருக்கும் மொழிபெயர்ப்போருக்கும் ஓர் எச்சரிக்கையாகும்.

5. படமும் சொல்லும்

மான்செஸ்டர் ஆலைகள் இந்தியாவிற்கு அனுப்பிய துணிக்கட்டுகளில் கடவுளர், அரசர் உருவங்கள் பொறித்த வண்ணச் சீட்டுகளை ஒட்டின. எழுத்தறியாதவரும் சரக்கை இனங்காண அவை உதவின. இவ்வழக்கத்தால் படத்தின் பெயரே பொருளின் பெயராயிற்று. தமிழில் படப்பெயருடன் 'மார்க்' சேர்ந்து 'மான் மார்க்', 'குதிரை மார்க்' என்றாற்போன்ற தொடர்கள் அமைந்தன. வங்காளத்தில் 'மார்க்கா' என்பதும், இந்தியில் 'சாப்' என்பதும் அவ்வாறே பின்னொட்டுப்போல் வழங்கின.

'சாப்' என்னும் சொல் அச்சிடுதலைக் குறிக்கும் 'சாப்னா' என்னும் வினையோடு தொடர்புடையது. அச்சு, முத்திரை, வணிகக்குறி ஆகிய மூன்றும் அதனுள் அடங்கும். எழுத்தறியாதவரைக் குறிக்கும் 'அங்கூட்டா சாப்' என்னும் இந்தித் தொடரும், அதே பொருளில் தமிழில் வழங்கும் 'கைநாட்டு' என்னும் சொல்லும் பெருவிரல் பதிவையே அடிப்படையாகக் கொண்டவை.

1951-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் நாட்டின் எழுத்தறிவு 18.33 விழுக்காடு. 1951-52 பொதுத்தேர்தலில் வேட்பாளர் ஒவ்வொருவருக்கும் தனிப்பெட்டி வைக்கப்பட்டு, அதில் சின்னத்தின் படம் ஒட்டப்பட்டது. சரக்குச் சீட்டைப் படித்துப் பழகிய கண்களுக்கு இம்முறை முற்றிலும் புதியதன்று. வங்காளத்தில் வணிகக்குறிக்கும் தேர்தல் சின்னத்திற்கும் 'மார்க்கா' என்னும் ஒரே சொல் வழங்குவது இத்தொடர்ச்சிக்கு மொழி தரும் சான்றாகக் கருதத்தக்கது.

6. அழைப்பிதழின் மொழி

விலையும் முகவரியும் காலத்தைக் காட்டுவதுபோல, அழைப்பிதழின் சொற்கள் குடும்பத்தின் நிலைப்பாட்டைக் காட்டுகின்றன. தமிழில் 'விவாக சுபமுகூர்த்தப் பத்திரிகை' என்பதும் 'திருமண அழைப்பிதழ்' என்பதும், 'சிரஞ்சீவி' என்பதும் 'திருநிறைச்செல்வன்' என்பதும் ஒன்றையொன்று முற்றாக நீக்கிவிடவில்லை. இன்றும் இரண்டும் அச்சாகின்றன. ஆகவே இவற்றுள் ஒன்றைப் பழையது என்றும் மற்றொன்றைப் புதியது என்றும் வரிசைப்படுத்துதல் பொருந்தாது.

மராத்தி அழைப்பிதழில் மணமகள் பெயர்முன் வரும் 'சௌ.கா.' என்னும் சுருக்கம், மங்கலத்தை விழைபவள் என விரியும். மணமான பெண்ணுக்கு உரியது 'சௌ.' மட்டுமே. தமிழ் மரபில் மணமகளுக்கே 'சௌபாக்கியவதி' என அச்சிடும் வழக்கம் உண்டு. இரண்டையும் ஒன்றாக மொழிபெயர்த்தால், மணத்திற்கு முன்னும் பின்னும் ஒரு பெண் குறிக்கப்படும் முறையில் மராத்தி காட்டும் வேறுபாடு மறைந்துவிடும்.

இன்னும் கருதத்தக்கது 'வாழ்க்கை ஒப்பந்த விழா' என்னும் தொடராகும். புரோகிதரும் சடங்குமின்றி நடைபெற்ற சுயமரியாதைத் திருமணங்களின் அழைப்பிதழ்களில் இது வழங்கியது. இத்திருமணங்களுக்கு அன்றைய சென்னை மாநிலத்தில் சட்ட ஏற்பளித்தது 1967-ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம். அதற்கு முற்பட்ட அழைப்பிதழ், சட்டம் ஏற்காத ஒரு மணத்தை ஊரறியச் செய்த தாளாகும். அத்தொடரை 'திருமண விழா' என்று பொதுப்படப் பெயர்த்துவிட்டால், அக்குடும்பம் துணிந்து செய்த செயலே பெயர்ப்பிலிருந்து நீங்கிவிடுகிறது.

7. சேகரிப்பு முறை

மேற்கூறியவற்றால் சேகரிப்பாளரும் பட்டியல் தயாரிப்பாளரும் கருதவேண்டிய நெறிகள் சில பெறப்படுகின்றன. தாளின் ஓரங்களை வெட்டுதல் கூடாது. அச்சகப் பெயர் பெரும்பாலும் கீழோரத்திலேயே இருக்கும். தாளிலுள்ள எல்லா மொழிகளையும், அவை அமைந்த வரிசையையும், எழுத்தின் அளவையும் குறித்தல் வேண்டும். 'கிருஷ்ணர் படம், துணிச்சீட்டு' என்று மட்டும் எழுதும் பட்டியலில் சொல்லை நாடுவோர்க்கு எதுவும் கிட்டாது. எழுத்துக்கூட்டலைத் திருத்தாமல் படியெடுத்து, தாளின் படத்தையும் உடன் சேர்த்தல் வேண்டும். காலத்தை ஒற்றை ஆண்டாகக் குறிப்பதினும் 'இதற்கு முன்னன்று, இதற்குப் பின்னன்று' என எல்லை வகுத்து, அதற்குரிய காரணத்தையும் எழுதுதல் நன்று. ஒரு வீட்டிலிருந்து ஒருங்கே கிடைத்த தாள்களை வகைவாரியாகப் பிரித்துச் சிதறடிக்காமல் காத்தல் வேண்டும். காலமறிந்த ஒரு ரசீது, அதனுடன் கிடந்த காலமறியாத பத்துத் தாள்களுக்கு விளக்கம் தரக்கூடும்.

8. முடிவுரை

இலக்கியமும் அகராதியும் ஒரு மொழியின் தேர்ந்த வழக்கைக் காக்கின்றன. கடையிலும் பயணத்திலும் மணவீட்டிலும் வழங்கிய அச்சுமொழியைக் காப்பன சிற்றச்சுத் தாள்களே. அச்சொற்களுள் சில ஆண்டைக் காட்டும். சில அச்சகத்தைக் காட்டும். சில குடும்பத்தின் கொள்கையைக் காட்டும். எச்சொல் எதைக் காட்டும் என்று பிரித்தறிவது மொழியியலாரின் கடமை. அவ்வறிவைப் பெயர்ப்பில் இழக்காமல் காப்பது மொழிபெயர்ப்பாளரின் கடமை. இந்திய மொழிகள் பலவற்றின் சிற்றச்சுத் தாள்களை ஒப்பிட்டு, காலக்குறிச் சொற்களின் அகராதி ஒன்றைத் தொகுப்பது இத்துறையில் அடுத்துச் செய்யத்தக்க பணியாகும்.