தகரத்தில் தீட்டிய நன்றி

பிள்ளைக்குக் காய்ச்சல் கண்டால் தெய்வத்திடம் நேர்ந்துகொள்வதும், குணமான பின் அந்தக் கடனைச் செலுத்துவதும் நம் தாய்மார்களுக்குத் தெரிந்ததே. மெக்சிகோ நாட்டுக் கத்தோலிக்க மக்கள் அந்த நேர்த்திக்கடனைப் படமாகத் தீட்டிச் செலுத்தினார்கள். பார்ப்பதற்கு எளிய படங்கள்தாம். ஆனால், சரித்திர ஏடுகளில் இடம்பெறாத உழைப்பாளி மக்களின் வாழ்க்கை அவற்றில் பதிந்திருக்கிறது. எப்படி என்று பார்ப்போம்.

1521-ஆம் ஆண்டு ஸ்பானியர் மெக்சிகோவின் தலைநகரைக் கைப்பற்றினர். அவர்களோடு கத்தோலிக்க சமயம் வந்தது. படக் காணிக்கை செலுத்தும் வழக்கமும் வந்தது. அதற்கு 'எக்ஸ் வோட்டோ' என்று பெயர். லத்தீன் மொழியில் 'நேர்ந்துகொண்டபடி' என்று பொருள். தொடக்கத்தில் இது செல்வர்களின் வழக்கமாகவே இருந்தது. துணியில் எண்ணெய் வண்ணம் கொண்டு படம் எழுதுவிக்கப் பணம் வேண்டுமல்லவா? 19-ஆம் நூற்றாண்டில் வெள்ளீயம் பூசிய தகரத் தகடு மலிவாகக் கிடைத்தது. அதன்பின் சுரங்கத் தொழிலாளியும் குடியானவனும்கூடக் காணிக்கைப் படம் வைக்க முடிந்தது.

படங்களைத் தீட்டியவர்கள் பெரும்பாலும் கலைப்பள்ளி வாசலை மிதிக்காத ஊர் ஓவியர்கள். தங்கள் பெயரைக்கூடப் பலர் எழுதவில்லை. குவானாஹுவாத்தோ மாநிலத்தைச் சேர்ந்த எர்மெனெகில்தோ புஸ்தோஸ் (1832-1907) போன்ற சிலர்தாம் பின்னாளில் புகழ்பெற்றார்கள்.

படத்தின் அமைப்பு பெரும்பாலும் ஒன்றுபோலவே இருக்கும். மேலே மேகத்துக்கு நடுவில் மாதாவோ புனிதரோ தோன்றுவார். நடுவில் நேர்ந்த ஆபத்து. அடியில் சில வரிகள்: இன்ன ஊர்க்காரராகிய இன்னார், இன்ன தேதியில், இன்ன துன்பத்திலிருந்து பிழைத்ததற்கு நன்றி செலுத்துகிறார் என்று. எழுத்துப்பிழைகள் நிறைய இருக்கும், பேசுகிறபடியே எழுதியிருப்பார்கள். அதனால் அந்தக் காலத்து ஏழைகளின் பேச்சு மொழியும் நமக்குக் கிடைக்கிறது.

சாகாதேகாஸ் மாநிலத்தில் வெள்ளிச் சுரங்கங்கள் நிறைந்த பகுதியில் பிளாத்தெரோஸ் என்ற ஊர் உள்ளது. அங்குள்ள குழந்தை இயேசுவின் ஆலயச் சுவர்களில் இத்தகைய படங்கள் ஏராளம். இடிந்து விழுந்த சுரங்கம், குதிரையிலிருந்து விழுந்தவர், பிரசவத்தில் உயிருக்குப் போராடிய தாய், படுக்கையில் கிடக்கும் பிள்ளை என்று மக்கள் எதற்கெல்லாம் அஞ்சினார்களோ, அத்தனையும் அங்கே காணலாம்.

பிழைப்புத் தேடி நாடுவிட்டுப் போனவர்களின் கதையும் இந்தப் படங்களில் உண்டு. 1942 முதல் 1964 வரை, இரு அரசுகளின் ஒப்பந்தப்படி, இலட்சக்கணக்கான மெக்சிகோ ஆண்கள் அமெரிக்கப் பண்ணைகளில் வேலை செய்தார்கள். அனுமதிச் சீட்டு இல்லாமல் எல்லை கடந்தவர்களும் பலர். ஆற்று வெள்ளத்தில் மூழ்காமல் கரை சேர்ந்ததற்கு நன்றி சொன்னவர்கள் உண்டு. மகன் உயிரோடு வீடு திரும்பியதற்கு நன்றி சொன்ன தாய்மாரும் உண்டு. டக்ளஸ் மாசி, ஹோர்கே துராந்த் என்ற ஆய்வாளர்கள் இத்தகைய படங்களைத் திரட்டி 1995-இல் ஒரு நூலே வெளியிட்டார்கள். எத்தனை பேர் போனார்கள் என்பதை அரசாங்கக் கணக்கு சொல்லும். அவர்களும் குடும்பத்தாரும் பட்ட பயத்தை இந்தத் தகரங்கள் சொல்கின்றன.

மெக்சிகோவின் பெரிய ஓவியர்களான தியேகோ ரிவேராவும் பிரீடா காலோவும் இவற்றைப் போற்றிச் சேகரித்தார்கள். பிரீடா வாழ்ந்த நீல வீட்டில் இன்றும் அவற்றைக் காணலாம். புகழ் பரவியதும் விலை கூடியது. விலை கூடியதும் திருட்டு புகுந்தது. ஆலயங்களிலிருந்து எத்தனையோ படங்கள் களவுபோய் வெளிநாட்டுச் சேகரிப்பாளர்களின் கைக்குச் சென்றன. 2019-ஆம் ஆண்டு இத்தாலி அரசு, தன் நாட்டில் கைப்பற்றிய 594 படங்களை மெக்சிகோவிடம் திருப்பிக் கொடுத்தது.

சேகரிப்பாளருக்கு அது அழகான பொருள். ஆனால் அதில் பெயர் எழுதிவைத்த குடும்பத்துக்கோ, 'நாங்கள் இங்கே வாழ்ந்தோம், இந்தத் துன்பத்தைக் கடந்தோம்' என்பதற்கு வேறு சான்று இல்லாமலும் இருக்கலாம். அரசர்களுக்குக் கல்வெட்டு இருந்தது. மெக்சிகோவின் தொழிலாளிக்கு ஒரு துண்டுத் தகரம் இருந்தது. தன் பெயர், தன் ஊர், தான் பிழைத்த நாள் ஆகிய மூன்றையும் அவன் அதில் மறவாமல் எழுதுவித்தான்.