ரோஜா மணமும் தட்டம்மையும்

எம்.கே.பி. நகரின் பல வீடுகளில் ஃபஜ்ருக்கு முன்னரே தும்மலும் இளைப்பும் எழுகின்றன. இவ்வொவ்வாமை புதிதன்று. வசந்தத்தில் ரோஜாவை முகர்ந்தால் அறிஞர் அபூ ஸைத் அல்பல்கீக்கு மூக்கடைத்துச் சளி ஒழுகுவது ஏன் என்று ஆராய்ந்து, ரய் நகர மருத்துவர் அர்ராஸீ (865–925) தனிநூலே எழுதினார். பெரியம்மையையும் தட்டம்மையையும் வேறுபடுத்திய நூலும் அவருடையதே.

ஏறத்தாழ ஆயிரமாண்டுகளுக்குப் பின், அவ்விரு பொருளும் வியன்னாவில் மீண்டும் ஒருவரிடம் சேர்ந்தன. 1906-இல் 'அலர்ஜி' என்னும் சொல்லைப் படைத்த குழந்தை மருத்துவர் பிர்க்கே, தட்டம்மை கண்ட குழந்தைகளிடம் காசநோய்த் தோல் சோதனை சிலகாலம் பலிக்காமற் போவதை 1908-இல் எழுதினார். அம்மை, உடலின் எதிர்ப்பாற்றலையே தளர்த்திப் பிற கிருமிகளுக்கு இடங்கொடுக்கிறது.

ஒவ்வாமையின் வழி வேறு. அங்கே எதிர்ப்பாற்றல் குன்றுவதில்லை, இலக்குத் தவறுகிறது. எனினும் வீங்கிய மூக்கில் சளி தேங்கித் தொற்று வளரும். சாதாரணச் சளிக்கிருமியே ஆஸ்துமாவைத் தூண்டிவிடும்.

எனவே இளைப்புள்ள பிள்ளைக்குத் தடுப்பூசியைத் தவிர்ப்பது பாதுகாப்பன்று. ஒன்பதாம் மாதத்திலும் 16–24 மாதங்களிலும் தட்டம்மைத் தடுப்பூசி அரசு நிலையங்களில் இலவசம். ஸ்டீராய்டு மாத்திரை உண்ணும் பிள்ளையாயின் முன்னரே மருத்துவரிடம் கூறுக. பிள்ளையின் உடல் நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம்.