வண்டியில் எதைக் கழற்றுவது?

போன மாதம் மகள் வயிற்றுப் பேரன் வந்திருந்தான். புதிதாகப் பிக்கப் வண்டி ஒன்று வாங்கியிருக்கிறான். நண்பர்கள் இருவரோடு லடாக் வரை போய்வர வேண்டுமாம். "அப்பிச்சி, இதப் பாருங்க" என்று செல்போனில் ஒரு பட்டியலைக் காட்டினான். கூரை மேல் விரிக்கும் கூடாரம், சின்ன ஃபிரிட்ஜ், வரிசையாக விளக்குகள், மடக்கு நாற்காலி, காபி போடும் கருவி என்று 40 சாமான்களுக்குக் குறையாது.

"எல்லாம் சரி. வண்டியிலிருந்து எதைக் கழற்றப் போகிறாய்?" என்று கேட்டேன்.

"புது வண்டியில எதுக்குங்க அப்பிச்சி கழட்டணும்?" என்று சிரித்தான்.

அன்று இரவு அவனுக்குச் சொன்ன கதையைத்தான் இங்கே எழுதுகிறேன். அதற்கு முன் என் கதை கொஞ்சம்.

1976 கோடை. அலுவலக வேலையாக நான்கு பேர் ஒரு பழைய ஜீப்பில் சத்தியமங்கலத்திலிருந்து திம்பம் மலைப்பாதையில் ஏறிக்கொண்டிருந்தோம். 27 கொண்டை ஊசி வளைவுகள். பாதி ஏறுவதற்குள் ரேடியேட்டர் கொதித்து மூடி வழியாக ஆவி பறந்தது. குடிக்க வைத்திருந்த தண்ணீரை எல்லாம் ஓட்டுநர் அதில் ஊற்றினார். நாலைந்து வளைவு தாண்டியதும் அதுவும் ஆவியாகப் போய்விட்டது. மேலேயிருந்து இறங்கி வந்த மூங்கில் லாரிக்காரர் ஒரு கேன் தண்ணீர் கொடுத்திருக்காவிட்டால், நாக்கு வறண்டு அங்கேயே உட்கார்ந்திருப்போம். "இந்தத் தண்ணி வீணாகாம புடிச்சு வைக்க வழியே இல்லீங்களா?" என்று ஓட்டுநர் புலம்பியது இன்னும் காதில் இருக்கிறது.

அந்தக் கேள்விக்கு எங்களுக்கு ஐம்பது வருடம் முன்பிருந்தே ஒருவர் விடை தேடிக்கொண்டிருந்தார் என்பது, ஓய்வு பெற்ற பிறகு நூலகத்தில் படித்தபோதுதான் தெரிந்தது. அவர் பெயர் ரால்ஃப் பேக்னால்ட். 1896-ல் பிறந்த ஆங்கிலேயர், ராணுவத்தில் தொலைத்தொடர்புப் பிரிவு அதிகாரி. 1926-ல் எகிப்துக்கு மாற்றலாகி வந்தார். விடுமுறை கிடைத்தால் மற்ற அதிகாரிகள் குதிரைப் பந்தயத்துக்குப் போவார்கள். இவரும் சில நண்பர்களும் சொந்தக் காசில் ஃபோர்டு கார் வாங்கிப் பாலைவனத்துக்குள் புறப்பட்டுவிடுவார்கள். இடையில் நம் நாட்டு வடமேற்கு எல்லைப்புறத்திலும் வேலை பார்த்தார். அங்கிருந்தும் விடுப்பு எடுத்துக்கொண்டு மறுபடி அந்தப் பாலைவனத்துக்கே போனார்.

எகிப்துக்கும் லிபியாவுக்கும் நடுவில் 'பெரும் மணற்கடல்' என்று ஒரு பகுதி உண்டு. மலை மலையாக மணல். அதற்குள் கார் போகாது என்பதுதான் அன்றைய பேச்சு. பேக்னால்ட் குழுவினர் 1929, 1930 பயணங்களில் அதற்குள் காரோட்டிக் காட்டினார்கள். எப்படி முடிந்தது? புதிதாக எதையும் பூட்டுவதற்கு முன், முதலில் கழற்றினார்கள். பின்பக்கப் பாடியை எடுத்துவிட்டு லேசான மரப்பெட்டி வைத்தார்கள். தேவையில்லாத இரும்பெல்லாம் போயிற்று. எடை குறைந்தால் மணலில் புதைவது குறையும், பெட்ரோலும் மிச்சம். டயரில் காற்றைக் குறைத்தார்கள். காற்று குறைந்த டயர் ஒட்டகத்தின் பாதம் போல அகன்று மணல் மேல் நிற்கும்.

ரேடியேட்டருக்கு அவர் செய்த ஏற்பாடுதான் என்னை அசர வைத்தது. மூடியை ஆவி போகாமல் இறுக்கி அடைத்தார். ரேடியேட்டரிலிருந்து ஆவி வெளியேறும் குழாயை, வண்டியின் பக்கத்தில் கட்டிய ஒரு கேனுக்குள் விட்டார். அந்தக் கேனில் பாதித் தண்ணீர் இருக்கும். கொதித்து வரும் ஆவி அந்தத் தண்ணீருக்குள் போய்க் குளிர்ந்து தானும் தண்ணீராகிவிடும். கேனும் கொதிக்க ஆரம்பித்தால், வண்டியைக் காற்று வரும் திசை பார்த்துத் திருப்பி நிறுத்துவார்கள். சூடு தணிந்ததும் ரேடியேட்டருக்குள் வெற்றிடம் உண்டாகி, கேனில் உள்ள தண்ணீர் முழுவதையும் அதுவே திரும்ப உறிஞ்சிக்கொள்ளும். செலவு ஒரு தகரக் கேனும் ஒரு முழக் குழாயும்தான். திம்பத்தில் எங்கள் ஓட்டுநர் கேட்டது இதைத்தான்.

மணலில் சக்கரம் புதைந்தால் எடுக்க, கெய்ரோவில் பழைய இரும்புக் கடை ஒன்றில் சுமார் 5 அடி நீளமுள்ள இரும்புத் தகடுகளைக் கண்டுபிடித்தார். முதல் உலகப் போரில் பதுங்குகுழிகளுக்குக் கூரை போடச் செய்தவை அவை. சக்கரத்துக்கு முன் மணலைத் தோண்டி இதைச் செருகினால், வண்டி அதில் ஏறி வெளியே வந்துவிடும். வழி பார்க்கச் சூரிய திசைகாட்டி. காரின் இரும்பால் காந்த ஊசி தடுமாறும் என்பதால், பாகை குறித்த வட்டத் தட்டின் நடுவில் நிமிர்ந்த ஊசி ஒன்றை வைத்து, அதன் நிழலைப் பார்த்து ஓட்டினார்கள். இரவில் நட்சத்திரங்களை அளந்து இருக்கும் இடத்தைச் சரிபார்த்தார்கள்.

இதெல்லாம் வேலையில்லாதவர்களின் பொழுதுபோக்கு என்றுதான் பலர் நினைத்திருப்பார்கள். 1939-ல் உலகப் போர் வந்தது. பேக்னால்டைக் கிழக்கு ஆப்பிரிக்காவுக்கு அனுப்பினார்கள். வழியில் அவர் வந்த கப்பல் விபத்துக்குள்ளாகி எகிப்தின் சையது துறைமுகத்தில் ஒதுங்கியது. அந்த விபத்தால்தான் அவர் கெய்ரோவிலேயே தங்க நேர்ந்தது. பாலைவனத்துக்குள் வெகுதூரம் போய் எதிரியைக் கண்காணிக்கச் சிறு படை வேண்டும் என்று இருமுறை எழுதிக் கொடுத்தார். எடுபடவில்லை. 1940 ஜூனில் இத்தாலியும் போரில் இறங்கியதும், தளபதி வேவல் அவரைக் கூப்பிட்டுப் பேசி அனுமதி கொடுத்தார். கெடு ஆறே வாரம்.

ராணுவத்திடம் பொருத்தமான வண்டி இல்லை. அலெக்சாண்டிரியாவில் ஷெவர்லே விற்பவரிடம் 14, எகிப்து ராணுவத்திடம் 19 என்று ஒன்றரை டன் லாரிகளைத் திரட்டினார்கள். மறுபடியும் அதே வேலை. கதவு, முன்கண்ணாடி, கூரை எல்லாவற்றையும் கழற்றிவிட்டு, ஸ்பிரிங் பட்டைகளை மட்டும் கூட்டினார்கள். ரேடியேட்டருக்கு அதே கேன், பக்கவாட்டில் அதே இரும்புத் தகடு, முன்னால் அதே திசைகாட்டி. மிச்சமான இடத்தில் பெட்ரோல், தண்ணீர், உணவு, துப்பாக்கி, வயர்லெஸ். பெட்ரோல் வந்தது 4 காலன் தகர டின்களில். நம் ஊரில் மண்ணெண்ணெய் வருமே, காலியானதும் தண்ணீர் சுமக்கவும் அரிசி போட்டு வைக்கவும் வைத்துக்கொள்வோமே, அதே மாதிரி டின். குலுங்கும் வண்டியில் அவை ஒழுகித் தொல்லை கொடுத்தன. ஜெர்மானியரின் உறுதியான கேன்களைக் கைப்பற்றிய பிறகுதான் நிம்மதி. 'ஜெர்ரி கேன்' என்று இன்றும் சொல்வது அதைத்தான். நடக்க பூட்ஸை விட நம் எல்லைப்புறத்துச் செருப்பே மணலுக்குச் சௌகரியம் என்று அதையும் வாங்கிப் போட்டுக்கொண்டார்கள்.

முதலில் வந்தவர்கள் பெரும்பாலும் நியூசிலாந்துக்காரர்கள். பலர் விவசாயிகள், இயந்திரம் பழுது பார்க்கக் கை பழகியவர்கள். பிறகு இந்தியக் குதிரைப்படை ரெஜிமென்டுகளிலிருந்து ஆள் எடுத்து இதே முறையில் ஓர் இந்தியப் பிரிவும் உருவானது.

இவ்வளவு யோசித்துத் தயார் செய்த வண்டியும் ஒரு நாள் இல்லாமல் போகலாம். 1941 ஜனவரி 31 அன்று லிபியாவின் ஜெபல் ஷெரீப் குன்றுப் பகுதியில் ஒரு குழுவை இத்தாலியப் படையும் விமானமும் தாக்கின. லாரிகள் சில எரிந்தன. பாறைகளில் ஒளிந்து தப்பிய நால்வர் மூர், ஈஸ்டன், வின்செஸ்டர், டை. மூருக்குப் பாதத்தில் காயம், ஈஸ்டனுக்குத் தொண்டையில் காயம். கையில் உணவு எதுவும் இல்லை. கிடைத்தது குண்டு துளைத்த ஒரு தண்ணீர் டின். ஓட்டையை அடைத்துப் பார்த்தால் 9 லிட்டர்கூட இல்லை. பக்கத்தில் இருந்த குஃப்ரா எதிரியின் கையில். சரணடைய மனமில்லாமல் தெற்கே, தாங்கள் வந்த சக்கரத் தடத்தைப் பார்த்து நடந்தார்கள். வழியில் சாரா என்ற இடத்திலிருந்த கிணற்றை இத்தாலியர்கள் ஏற்கெனவே தூர்த்திருந்தார்கள். பத்து நாளில் 210 மைல், அதாவது சுமார் 340 கிலோமீட்டர். பிரெஞ்சுப் படையினர் கண்டுபிடித்தபோது மூர் இன்னும் நடந்துகொண்டிருந்தார். ஈஸ்டன் மட்டும் மீட்கப்பட்ட பிறகு இறந்துபோனார்.

நான் இதைச் சொல்லி முடித்தபோது பேரன் சிரிக்கவில்லை. "அந்த டின்னும் எரிஞ்சிருந்தா?" என்று மட்டும் கேட்டான். நான் பதில் சொல்லவில்லை.

பேக்னால்ட் போருக்குப் பிறகும் நெடுங்காலம் வாழ்ந்து 1990-ல் காலமானார். காற்றில் மணல் எப்படி நகர்கிறது என்று அவர் 1941-ல் வெளியிட்ட நூலைச் செவ்வாய்க் கிரகத்து மணல்மேடுகளை ஆராய்ந்தவர்களும் பயன்படுத்தினார்கள். அந்த ஷெவர்லே லாரிகளில் ஒன்றைப் பாலைவனத்திலிருந்து மீட்டு, துருப்பிடித்தபடியே லண்டன் இம்பீரியல் போர் அருங்காட்சியகத்தில் வைத்தார்கள்.

மறுநாள் காலை பேரன் பட்டியலைத் திரும்பக் காட்டினான். ஃபிரிட்ஜும் காபிக் கருவியும் போயிருந்தன. விளக்கில் பாதி போயிருந்தது. தண்ணீருக்கு இரண்டு கேன் எழுதியிருந்தான்.

"மூணா எழுதிக்கோ சாமி. மூணையும் ஒரே இடத்துல வைக்காதே" என்றேன். எழுதிக்கொண்டான்.