வேலை போனால் வெறுப்பும் போகுமா?

தொலைக்காட்சியில ஒருத்தர் ஒரு சிறுபான்மை மதத்தவரைப் பற்றி ஏதோ சொல்லிப்போடுறார். பின்னேரத்துக்குள்ள அந்தக் காணொளித் துண்டு எல்லாருடைய ஃபோனிலயும் நிக்கும். உடனே ரெண்டு அணி. "இவரை வேலையால நிப்பாட்டு" எண்டு ஒரு அணி. "அப்ப கருத்துச் சுதந்திரம் எங்க?" எண்டு மற்ற அணி. ரெண்டு நாள் சத்தம், பிறகு அடுத்த காணொளி. நிப்பாட்டின பிறகு என்ன நடந்தது எண்டு திரும்பிப் பார்க்கிற ஆக்கள் குறைவு.

இந்தக் கட்டுரை அதைத்தான் பார்க்கப்போகிறது. உதாரணங்கள் அமெரிக்காவில் இருந்து. காரணம் இருக்கு. அந்த நாட்டு அரசியலமைப்பின் முதலாவது திருத்தம் பேச்சுக்குப் பெரிய பாதுகாப்புக் கொடுக்கிறது. ஒரு மதத்தவரை இழிவாகப் பேசினார் என்பதற்காக மட்டும் ஒருவரை அரசாங்கம் சிறையில் போட முடியாது. அதனால் தண்டனை கொடுக்கிற அதிகாரம் நடைமுறையில் முதலாளியின் கைக்குப் போய்விடுகிறது. வேலையைப் பறிப்பது எதைச் சாதிக்கும், எதைச் சாதிக்காது என்று பார்க்க அதைவிட நல்ல இடம் இல்லை.

முதலில் 1930கள். டெட்ரோயிட் நகரத்துக்குப் பக்கத்தில் ரோயல் ஓக் என்ற ஊரில் சார்ள்ஸ் கொக்லின் என்றொரு கத்தோலிக்கப் பாதிரியார் இருந்தார். 1926இல் வானொலியில் பேசத் தொடங்கினார். அந்த நாட்களில் அமெரிக்காவில் கத்தோலிக்கர்களே பலராலும் சந்தேகத்தோடு பார்க்கப்பட்ட ஒரு சிறுபான்மை. கு க்ளக்ஸ் க்ளான் என்ற வெள்ளை இனவெறி அமைப்பு கறுப்பின மக்களோடு சேர்த்து யூதர்களையும் கத்தோலிக்கர்களையும் எதிரிகளாக வைத்திருந்தது. அந்த வெறுப்பை நேரில் கண்ட சமூகத்தில் இருந்து வந்தவர்தான் கொக்லின்.

1929இல் பங்குச் சந்தை சரிந்தது. வேலையும் காசும் இல்லாமல் சனம் தவித்த நேரத்தில் வங்கிகளையும் பெரும் பணக்காரரையும் கொக்லின் விளாசினார். கோடிக்கணக்கானோர் ஞாயிற்றுக்கிழமைகளில் அவரைக் கேட்டார்கள். 1931இல் சி.பி.எஸ். நிறுவனம் அவரோடு ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க மறுத்தது. அவர் ஓயவில்லை. நிலையம் நிலையமாகக் காசு கொடுத்து நேரம் வாங்கித் தனக்கென்றே ஒரு வலையமைப்பை உண்டாக்கினார்.

பிறகு அவர் பேச்சு யூதர் பக்கம் திரும்பியது. 1938இல் அவருடைய வாரப் பத்திரிகையான 'சோஷியல் ஜஸ்டிஸ்', 'சீயோன் மூப்பர்களின் நெறிமுறைகள்' என்ற ஆவணத்தை வெளியிட்டது. யூதர்கள் உலகத்தைக் கைப்பற்றச் சதி செய்கிறார்கள் என்று சொல்லும் ஆவணம் அது. சுத்தப் போலி. போலி என்று லண்டன் 'டைம்ஸ்' 1921இலேயே அம்பலப்படுத்தியிருந்தது. அதே 1938 நவம்பர் 9ஆம், 10ஆம் திகதிகளில் ஜேர்மனியில் யூத ஆலயங்கள் எரிந்தன, யூதரின் கடைகள் நொறுக்கப்பட்டன, சுமார் 30,000 யூத ஆண்கள் பிடித்துச் செல்லப்பட்டார்கள். நவம்பர் 20ஆம் திகதி கொக்லின் ஒலிவாங்கிக்கு முன்னால் வந்தார். நாசிகள் செய்வது கம்யூனிசத்துக்கு எதிரான தற்காப்பு, அந்தக் கம்யூனிசத்துக்குப் பின்னால் நிற்பது யூதர்கள் என்ற மாதிரி விளக்கம் கொடுத்தார்.

அன்றைக்கு நியூயோர்க்கின் டபிள்யூ.எம்.சி.ஏ. நிலையம் செய்ததைக் கவனியுங்கோ. பேச்சு முடிந்த கையோடு, இதில் தகவல் பிழைகள் இருக்கின்றன என்று நேயர்களுக்கு அறிவித்தது. அடுத்த பேச்சின் எழுத்துப் பிரதியை முன்கூட்டியே கேட்டது. பிறகு ஒலிபரப்ப மறுத்தது. கொக்லினின் ஆதரவாளர்கள் மாதக்கணக்காக நிலையத்துக்கு முன்னால் மறியல் செய்தார்கள். அவர் பேச்சால் உருவேறிய 'கிறிஸ்தவ முன்னணி'யைச் சேர்ந்தவர்கள் வீதிகளில் யூதர்களை அடித்தார்கள். நிலையம் அசையவில்லை. 1939இல் தேசிய ஒலிபரப்பாளர் சங்கம், சர்ச்சைக்குரிய விடயங்களைப் பேசுவதற்கு நேரத்தைக் காசுக்கு விற்கக்கூடாது என்று ஒழுக்கக் கோவை கொண்டுவந்தது. 1940இல் கொக்லினின் ஒலிபரப்பு நின்றது. 1942இல் அவருடைய பத்திரிகைக்கான தபால் வசதியை அரசாங்கம் பறித்தது. அரசியல் பேச்சை நிறுத்தச் சொல்லி அவருடைய பேராயரும் கட்டளையிட்டார்.

ஆனால் கொக்லினுடைய வேலை போகவே இல்லை! 1966 வரைக்கும் அவர் அதே ஆலயத்தில் பங்குத் தந்தையாகத்தான் இருந்தார். போனது ஒலிவாங்கி மட்டும்தான்.

இதை மனதில் வைத்துக்கொண்டு 2010க்கு வருவோம். அந்த ஒரு வருடத்துக்குள் அமெரிக்க ஊடகத்தில் அடுத்தடுத்து நாலு பேருடைய கதிரை போனது.

மே மாத இறுதியில், வெள்ளை மாளிகைச் செய்தியாளர்களில் மூத்தவரான ஹெலன் தோமஸ், யூதர்கள் பாலஸ்தீனத்தை விட்டு வெளியேறிப் போலந்துக்கும் ஜேர்மனிக்கும் அமெரிக்காவுக்கும் போகவேண்டும் என்று சொன்னது காணொளியாக வந்தது. மன்னிப்புக் கேட்டார். ஆனாலும் ஜூன் மாதம் 89 வயதில் ஓய்வு பெற்றுப் போகவேண்டி வந்தது. ஜூலையில் சி.என்.என். இல் 20 வருடம் வேலை செய்த ஒக்டாவியா நாஸ்ர், இறந்துபோன லெபனான் ஷியா மதத்தலைவர் ஃபத்லல்லாஹ்வை மதிப்பதாக ட்விட்டரில் ஒரு வரி எழுதினார். வேலை போனது. செப்டெம்பர் 30ஆம் திகதி அதே நிறுவனத்தின் ரிக் சான்செஸ் ஒரு வானொலி நேர்காணலில், யூதர்களை ஒடுக்கப்பட்ட சிறுபான்மை என்று சொல்வதைக் கிண்டலடித்தார். அடுத்த நாளே வீட்டுக்கு அனுப்பினார்கள்.

நாலாவது ஆள் ஹுவான் வில்லியம்ஸ். கறுப்பின ஊடகவியலாளர், அமெரிக்கக் குடியுரிமைப் போராட்டத்தின் வரலாற்றை எழுதியவர். என்.பி.ஆர். என்ற பொது வானொலியில் செய்தி ஆய்வாளர், கூடவே ஃபொக்ஸ் நியூஸிலும் வந்து பேசுகிறவர். ஒக்டோபர் 18ஆம் திகதி ஃபொக்ஸில், விமானத்தில் முஸ்லிம் உடுப்போடு ஆட்களைக் கண்டால் தனக்குப் பதற்றம் வருகிறது என்று சொன்னார். அதே நிகழ்ச்சியில், ஒரு சில தீவிரவாதிகளுக்காக எல்லா முஸ்லிம்களையும் குற்றம் சொல்லக்கூடாது என்றும் வாதாடினார். ரெண்டு நாளில் என்.பி.ஆர். அவரைத் தொலைபேசியில் நிப்பாட்டியது.

பிறகு நடந்ததுதான் கதை. ஃபொக்ஸ் நியூஸ் உடனேயே அவரோடு மூன்று வருடத்துக்கு, ஏறத்தாழ 20 லட்சம் டொலருக்கு ஒப்பந்தம் போட்டது. என்.பி.ஆர்.க்கு அரசாங்கக் காசே கொடுக்கக்கூடாது என்று குடியரசுக் கட்சியினர் கிளம்பினார்கள். அவரை நிப்பாட்டிய அதிகாரி 2011 ஜனவரியில் பதவி விலகினார். மார்ச் மாதம், வேறொரு சர்ச்சையும் சேர்ந்துகொள்ள, தலைமை அதிகாரியும் போனார். அதே மாதம் என்.பி.ஆர்.க்கான கூட்டாட்சி நிதியைத் தடுக்கும் மசோதாவைப் பிரதிநிதிகள் சபை நிறைவேற்றியது. செனட்டில் அது நகரவில்லை. வில்லியம்ஸ் தன்னுடைய வாயை அடைத்துவிட்டார்கள் என்று ஒரு புத்தகமும் போட்டார். கொக்லினுக்கு வேலை இருந்தது, ஒலிவாங்கி போனது. வில்லியம்ஸுக்கு வேலை போனது, ஒலிவாங்கி முந்தியதைவிடப் பெரிசாகக் கிடைத்தது.

இதில் ஒரு சிறுபான்மைக்கு என்ன லாபம்? நான் தேடிப் பார்த்த அளவில், ஒண்டுமில்லை. அந்த ஒக்டோபரில் எல்லாரும் கதைத்தது ஹுவான் வில்லியம்ஸின் உத்தியோகத்தைப் பற்றி. முஸ்லிம்கள் எந்தப் பயத்தோடு விமானம் ஏறுகிறார்கள் என்பதைப் பற்றி அல்ல. அதே வருடம் ஓகஸ்டில் நியூயோர்க்கில் ஒரு பயணி, டாக்சி ஓட்டியவரிடம் நீ முஸ்லிமா என்று கேட்டு, ஆம் என்றதும் கத்தியால் வெட்டியிருந்தார். பயத்தைப் பற்றிக் கதைக்க வேண்டுமென்றால் அந்தச் சாரதியின் பயத்தில் இருந்தல்லவா தொடங்கியிருக்க வேண்டும்?

வில்லியம்ஸ் சொன்னதுக்குப் பதிலும் கையிலேயே இருந்தது. 2001 செப்டெம்பர் 11 அன்று விமானங்களைக் கடத்திய 19 பேரும் வந்தது சாதாரண மேற்கத்தேய உடுப்பில்தான். உடுப்பைப் பார்த்துப் பயந்திருந்தால் அவர்களில் ஒருத்தரைக்கூடப் பிடித்திருக்க முடியாது. மாறாக, அந்தத் தாக்குதல் நடந்து நாலாம் நாள் அரிசோனாவில் தலைப்பாகை கட்டிய ஒரு சீக்கியர் சுட்டுக் கொல்லப்பட்டார். தலைப்பாகையையும் தாடியையும் பார்த்து எதிரி என்று முடிவு செய்தவன் சுட்டான். இந்த ரெண்டு விடயத்தையும் அதே வில்லியம்ஸை உட்காரவைத்து ஒரு மணித்தியாலம் வானொலியில் கதைத்திருந்தால், அவருடைய பயத்தையே தங்கள் பயமாக வைத்திருந்த லட்சக்கணக்கான நேயர்கள் கேட்டிருப்பார்கள். டபிள்யூ.எம்.சி.ஏ. செய்த முதல் வேலை அதுதானே: உடனே, அதே அலைவரிசையில் பிழையைச் சொல்வது. என்.பி.ஆர். அந்தப் படியைத் தாண்டி நேரே கதவைக் காட்டியது.

இன்னொரு பக்கமும் இருக்கு. வில்லியம்ஸ் பேசுவதற்கு மூன்று நாள் முன்னால், ஒக்டோபர் 15ஆம் திகதி, ஃபொக்ஸ் நிகழ்ச்சித் தொகுப்பாளர் பிரையன் கில்மீட், எல்லா முஸ்லிம்களும் பயங்கரவாதிகள் இல்லை, ஆனால் எல்லாப் பயங்கரவாதிகளும் முஸ்லிம்கள்தான் என்று சொன்னார். இது பயமும் இல்லை, உணர்ச்சியும் இல்லை, நேரடியான பொய். 1995இல் ஒக்லஹோமா நகரக் குண்டுவெடிப்பில் 168 பேரைக் கொன்ற டிமதி மெக்வே முஸ்லிம் இல்லை. கில்மீட் பிறகு தவறாகச் சொல்லிவிட்டேன் என்றார், அதோடு விடயம் முடிந்தது. அவர் வேலையில் இருந்தார். ஆக, யாருடைய கதிரை போகும் என்பதைத் தீர்மானித்தது சொன்ன சொல்லின் கனம் இல்லை. எந்த நிறுவனம், அதுக்கு யார் மேல பயம், இதுதான் தீர்மானித்தது.

அப்ப யாரையும் நிப்பாட்டவே கூடாதா? நான் அப்படிச் சொல்லவில்லை. கொக்லினின் கதை அதுக்கு எதிர்ச் சாட்சி. ஒருவர் ஒரு மக்கள் கூட்டத்தைப் பற்றிப் பொய்யென்று நிரூபிக்கப்பட்ட ஒன்றைத் திரும்பத் திரும்பச் சொல்கிறார், திருத்தினாலும் கேட்கிறார் இல்லை, அந்தப் பேச்சைக் கேட்டவர்கள் வீதியில் அடிக்கப் போகிறார்கள் என்றால், அவருக்கு ஒலிவாங்கி கொடுக்கிற கடமை எந்த நிறுவனத்துக்கும் இல்லை. அதை எடுப்பது தணிக்கை ஆகாது. அது பொறுப்பு. அந்த ஒலிவாங்கிதான் அவருடைய வேலை என்றால் வேலையும் போகட்டும்.

ஆனால் ஒரு வரிக்காக, ஒரு தடவை வெளிப்பட்ட பயத்துக்காக, ரெண்டு நாளுக்குள் ஆளைத் தூக்குவது வேறு. அது நிறுவனம் தன் கையைக் கழுவிக்கொள்கிற வேலை. சிறுபான்மையைப் பாதுகாத்த மாதிரி ஒரு தோற்றம் மட்டும் வரும். உண்மையில் அந்தச் சிறுபான்மையின் பெயரில் ஒரு 'தியாகி' உருவாகுவார், அவருக்குப் புது மேடை கிடைக்கும், அந்த மக்கள் மேல கோபம் இன்னும் கூடும்.

ஆகவே அடுத்த காணொளி வரும்போது, நிப்பாட்டு என்று எழுதுவதற்கு முதல் மூன்று விடயம் கேளுங்கோ. இது ஒரு தடவை நழுவின சொல்லா, வழக்கமாகச் சொல்கிற பொய்யா? பிழையை அதே மேடையில் யாராவது திருத்தினார்களா? எங்களுக்குப் பிடித்த ஒருவர், எங்களுக்குப் பிடிக்காத ஒரு மதத்தவரைப் பற்றி இதையே சொல்லியிருந்தால், இதே தீர்ப்பைத்தான் சொல்லுவமா?

மூன்றாவது கேள்விதான் கஷ்டம். கொக்லினின் சனத்தை ஒரு காலத்தில் க்ளான் துரத்தியது. பிறகு அவருடைய வாயில் இருந்தே யூதருக்கு எதிரான பொய் வந்தது. வெறுப்புக்கு ஆளானவர்கள் எண்டதால மட்டும் வெறுப்பு எங்களிட்ட வராது எண்டில்லை.