ஊன்றுகோலும் கடல்நாய்க்குட்டியும்

முதுமைக்குத் துணைசெய்யும் கருவி நம் இலக்கியத்திற்குப் புதிதன்று. புறநானூறு 243ஆம் பாடலில் வரும் ஊன்றுகோலே தொடித்தலை விழுத்தண்டினார் என்ற பெயரைப் புலவருக்குத் தந்தது. ஆயினும் அம்முதியவர் ஏங்குவது காலின் தளர்ச்சிக்காக அன்று. தோழமையோடு நீராடிய இளமைக்காக.

திருவண்ணாமலை ரமணர் கோலூன்றி நிற்கும் படங்களை நாம் அறிவோம். அவரோடு பழகிய பசு லட்சுமி 1948இல் மறைந்தபோது ஆசிரமத்திலேயே சமாதி அமைந்தது. அத்தகைய உயிர்த்துணையின் இடத்தையே இன்று இயந்திரம் நாடுகிறது.

ஜப்பானியர் தகனோரி சிபாட்டா 1993 முதல் உருவாக்கிய பாரோ, 2005இல் விற்பனைக்கு வந்தது. தடவினால் குரலெழுப்பும் கடல்நாய்க்குட்டி இயந்திரம் அது. பூனை வடிவையும் அவர் முயன்றார். பூனையை அறிந்தோர் அதில் குறை கண்டனர். கடல்நாயோடு பழகியவர் அரியர் என்பதால் அவ்வடிவே நிலைத்தது.

மாட்டோடு வாழ்ந்து மூத்த நம்மூர்ப் பாட்டியர் இயந்திரப் பசுவை ஏற்பார்களா? ஐயமே என்று கருதுகிறோம்.